ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் லேத்துகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் திருச்சி வாசகர் ஒருவரின் கடிதம் வெளியாகியிருந்தது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சிறிய லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்றை வாங்கி வீட்டுக் கார் ஷெட்டில் போட்டிருப்பதாகவும், கடைந்தால் இரும்பின் மேல் அலை அலையாகக் கோடு விழுவதாகவும், கொஞ்சம் நீளமான தண்டைக் கடைந்தால் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து வருவதாகவும் எழுதியிருந்தார். சந்தேகம் கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லை என்று முடித்திருந்தார்.

திருச்சியிலா ஆள் கிடைக்கவில்லை? பொன்மலை ரயில்வே பணிமனையும் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையும் இருக்கிற ஊர் அது. கைதேர்ந்த டர்னர்களும் ஃபிட்டர்களும் ஓய்வு பெற்று, காலையில் நடைப்பயிற்சி, மாலையில் தொலைக்காட்சி என்று தெருவுக்குத் தெரு இருப்பார்கள். அவர்களும் இவரும் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் இல்லை என்பதுதான் குறை. அந்த இடத்தைப் பற்றி அரசுக்கு ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் கோரிக்கைக்குத் தாவுவது முறையல்ல என்பதால், முதலில் அவருடைய லேத்துக்கு வருகிறேன்.

நான் கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் டூல்ரூமில் (கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவில்) லேத் ஓட்டும் டர்னராகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகையில் ஒரு நாலரை அடி லேத், டிரில்லிங் மெஷின், பெஞ்ச் கிரைண்டர், வைஸ் பொருத்திய மேஜை ஆகியவை இருக்கின்றன. ஞாயிறு பிற்பகல் ஆனால் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். மருந்துக் கடை வைத்திருப்பவர் ஒருவர், அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியை ஒருவர், நூற்பாலை மெக்கானிக் ஒருவர், ஐ.டி.ஐ. படிக்கும் இரண்டு பையன்கள். டீ ஆறிப்போகும் வரை பேச்சு நடக்கும். அங்கே நாங்கள் பேசிக்கொள்வதைத்தான் திருச்சி நண்பருக்கும் எழுதுகிறேன்.

அலைக்கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் லேத் அல்ல, டூலை, அதாவது வெட்டும் உளியை, பிடித்திருக்கும் விதம். டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்ட்டிலிருந்து டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். விரல் நீளம் நீட்டியிருந்தால் அது அதிரத்தான் செய்யும். டூலின் தடிமன் அளவுக்கு, மிஞ்சினால் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நீட்டாதீர்கள். அடுத்தது டூல் முனையின் உயரம். சுழலும் தண்டின் மையமும் டூல் முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலைத் தண்டுக்கும் டூல் முனைக்கும் நடுவே வைத்து, ஸ்கேல் விழாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் டூலை மெதுவாக நெருக்குங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் மட்டம் சரி. அதன் மேல்முனை உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அடியில் தகடு வைத்து உயர்த்த வேண்டும். உங்களை விட்டு விலகிச் சாய்ந்தால் டூல் ஏறியிருக்கிறது. எங்கள் கொட்டகைக்குப் புதிதாக வரும் எவருக்கும் நான் முதலில் செய்து காட்டுவது இதைத்தான். ஸ்கேல் சாய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதன்பின் மறப்பதில்லை.

பிறகு வேகம். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால் மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு, கடைய நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம் போதும். மனக்கணக்காகச் சொன்னால், 9,500-ஐத் தண்டின் விட்டத்தால் வகுத்தால் சுற்று எண்ணிக்கை வந்துவிடும். 25 மி.மீ. தண்டுக்கு நிமிடத்துக்கு 380 சுற்று. வார்ப்பிரும்புக்கு இதில் மூன்றில் இரண்டு பங்கு. அலுமினியத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகலாம், ஆனால் டூல் முனையில் அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மண்ணெண்ணெய் விட வேண்டும். அதிர்வு கேட்டவுடன் புதியவர்கள் பயந்து ஃபீடை, அதாவது டூல் நகரும் வேகத்தை, குறைப்பார்கள். அப்போது டூல் வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும், சத்தம் இன்னும் கூடும். செய்ய வேண்டியது நேர் எதிர்: சுற்றைக் குறையுங்கள், ஃபீடைக் கூட்டுங்கள். இரும்பு தூளாக உதிராமல் சுருளாக வர ஆரம்பித்தால் வழிக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவும் செய்தபின் கோடு நின்றுவிடவில்லை என்றால் குறுக்கு ஸ்லைடில் (டூலை முன்னும் பின்னும் நகர்த்தும் பாகத்தில்) ஆட்டத்தை எடுக்கும் கிப் பட்டையைப் பாருங்கள். டூல் போஸ்ட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், கிப் திருகுகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றும்போது ஒரே சீரான பிடிப்பு தெரிய வேண்டும், இறுகிப்போகக் கூடாது.

இனி ஒரு முனை பருத்து வருவது. இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தண்டின் மறுமுனையை டெயில்ஸ்டாக் சென்டரில் (வெளிமுனையைத் தாங்கும் கூர்முனையில்) தாங்கிக் கடைந்தபோது இப்படி வந்ததா, தாங்காமல் கடைந்தபோது வந்ததா? தாங்கியபோது என்றால் டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, அதன் பக்கத் திருகுகளால் சரிசெய்துவிடலாம். தாங்காதபோதும் வருகிறது என்றால் பெரும்பாலும் லேத்தின் பெட் (எல்லாப் பாகங்களையும் தாங்கும் அடிப்பாகம்) முறுக்கிக்கொண்டிருக்கிறது. வார்ப்பிரும்பு பெட் முறுக்குமா என்று வியக்க வேண்டாம். சமமில்லாத தரையில் நான்கு கால்களையும் போல்ட் போட்டு இறுக்கினால் எந்த பெட்டும் முறுக்கும்.

இதற்கான சோதனையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் லேத் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது செய்ய வேண்டியது இது. சுமார் 40 மி.மீ. விட்டமுள்ள தண்டு ஒன்றை, அதைக் கவ்விச் சுழற்றும் சக்கிலிருந்து 150 மி.மீ. வெளியே நீட்டிப் பிடியுங்கள். டெயில்ஸ்டாக் வேண்டாம். சக் அருகில் ஒரு வளையமும் வெளிமுனையில் ஒரு வளையமும் மட்டும் உயர்ந்து நிற்கும்படி நடுப்பகுதியைச் சிறிது குறைத்துக் கடைந்துவிடுங்கள். டூலை நன்றாகத் தீட்டி, குறுக்கு ஸ்லைடைத் தொடாமல், ஒரே அமைப்பில் இரண்டு வளையங்களின் மேலும் மிக மெல்லிய வெட்டு ஒன்று கொடுங்கள். இரண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வெளி வளையம் பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால்களில் நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலின் கீழ் மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள். வெளி வளையம் சிறிதாக இருந்தால் பின்பக்கத்துக் காலின் கீழ். குளிர்பான டின்னை வெட்டி எடுத்த தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன் இருக்கும், அதையே பயன்படுத்தலாம். போல்ட்டை இறுக்கி மீண்டும் மெல்லிய வெட்டு, மீண்டும் அளவு. 100 மி.மீ. நீளத்துக்கு 0.01 மி.மீ. வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் வீட்டுப் பட்டறைக்கு அது தாராளம். அவசரப்படாதீர்கள். ஒரு ஞாயிறு முழுவதும் போனாலும் பரவாயில்லை, அந்த லேத்தில் இனிமேல் நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் இதுதான் அஸ்திவாரம்.

லேத் வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் பெருகியபின், கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் கூலிக்குக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த சிறு பட்டறைகள் பலவற்றில் கையால் ஓட்டும் லேத்துகள் வேலையின்றி நிற்கின்றன. பட்டறை மூடினால் அவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்கு எடைக்குப் போய்விடுகின்றன. பட்டாலாவிலும் ராஜ்கோட்டிலும் வார்த்த நல்ல லேத்துகள், இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடக்கூடியவை, கேஸ் கட்டர் வைத்துத் துண்டு போடப்படுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. 40 கிலோ எடையுள்ள புதிய மினி லேத் மாடி வீட்டில் குடியிருப்பவருக்குச் சரி. தரைத்தளத்தில் இடம் உள்ளவர்கள் பழைய நாலரை அடி லேத்தைத் தேடிப் பாருங்கள். எடைதான் அதிர்வைத் தாங்கும்.

பழையதை வாங்கும்போது புதுப் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சேடிலை சக் அருகில் கொண்டுவந்து, அங்கே ஆட்டமில்லாமல் நகரும்படி அதன் பிடிப்பை இறுக்கச் சொல்லுங்கள். பிறகு அதை டெயில்ஸ்டாக் முனைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். அங்கே போய் இறுகி நின்றுவிட்டால் சக் அருகில் பெட் தேய்ந்திருக்கிறது, ஏனென்றால் எல்லா வேலையும் அந்த ஒரு முழ நீளத்தில்தான் நடந்திருக்கும். அடுத்து, சக்கில் ஒரு தடித்த தண்டைப் பிடித்து, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஸ்பிண்டில் மூக்கில், அதாவது சக் மாட்டியிருக்கும் சுழல்தண்டின் முனையில், தொட வைத்து, தண்டை மேல்நோக்கி நெம்பிப் பாருங்கள். முள் சற்று அசைந்து திரும்பினால் பேரிங்கை இறுக்கிப் பார்க்கலாம். துள்ளினால் பேரிங் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கைப்பிடியைச் சுற்றினாலும் ஸ்லைடு நகராத கால் சுற்று வெற்றோட்டம் இருக்கிறதே என்று மட்டும் யாரும் நல்ல லேத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அது கன்மெட்டல் (வெண்கல வகை) நட் தேய்ந்ததால் வருவது, மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்வரை எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து சேர்ந்தால் போதும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் லேத்தைப் பற்றிப் பேசக் கூடாது. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் மாநிலத்தில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது நினைவிருக்கும். மின்சாரம் போனதும் லேத் நிற்கும், சுவிட்ச் போட்டபடியே இருக்கும், சக்கில் கை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பிவிடும். சாதாரண சுவிட்ச் போட்ட லேத் அந்த நொடியே சுழலும். நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் இருந்தால், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை அது ஓடாது. ஆகவே சாதாரண சுவிட்சோடு எந்த லேத்தையும் ஓட்டாதீர்கள். மின்வெட்டு குறைந்துவிட்டது என்ற தைரியமும் வேண்டாம், மழைக்காலத்தில் போய் வருவது இன்றும் உண்டு. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் இரண்டும் கட்டாயம்.

சக்கை இறுக்கும் சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கும் பழக்கம் எவருக்கும் வரக் கூடாது. எங்கள் கொட்டகையில் சாவியைப் பிடித்திருக்கும் கை, அதை ஆணியில் மாட்டியபின்தான் வேறு எதையும் தொடும். கையுறை போடாதீர்கள். வேட்டி, தோள் துண்டு, துப்பட்டா, கோயில் கயிறு, மோதிரம், சங்கிலி எதுவும் லேத் அருகில் ஆகாது. கோயில் கயிற்றைக் கழற்றச் சொன்னால் மனம் வருந்துபவர்கள் உண்டு, நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் சுழலும் சக் எந்தக் கயிற்றையும் சுற்றி இழுத்துக்கொள்ளும், கயிறு அறுவதற்குள் மணிக்கட்டு போய்விடும். சுருளைக் கையால் இழுக்காமல் கொக்கிக் கம்பியால் எடுங்கள். பெஞ்ச் கிரைண்டரில் அலுமினியம் தீட்டாதீர்கள். அது கல்லின் துளைகளை அடைத்துக்கொள்ளும், அடைத்த கல் சூடேறி உடைந்து தெறிக்கலாம்.

சட்ட விஷயம் ஒன்றும் உண்டு. சொந்த ஆசைக்குக் கடைவது வேறு, கூலி வாங்கிக்கொண்டு கடைவது வேறு. வீட்டு மின் இணைப்பில் கூலி வேலை ஓட்டினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் அனுமதியற்ற பயன்பாட்டுக்கான 126-ஆவது பிரிவு பாயும். பக்கத்து வீட்டாருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். இரவு எட்டு மணிக்குமேல் எங்கள் கிரைண்டர் ஓடாது, அதன் காலடியில் ரப்பர் இருக்கிறது.

எங்கள் பேச்சில் அதிகம் அடிபடுவது மரைதான். கிணற்று பம்ப், பழைய தையல் மிஷின், வெட் கிரைண்டர் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், கடைசியில் ஏதாவது ஒரு போல்ட்டின் மரையில் வந்து நிற்போம். மெட்ரிக் மரைக்குத் துளை போட அட்டவணை தேட வேண்டாம். போல்ட்டின் விட்டத்திலிருந்து பிட்சை, அதாவது அடுத்தடுத்த மரைகளின் இடைவெளியை, கழித்தால் டிரில் அளவு வந்துவிடும். எம்6-க்கு பிட்ச் 1, ஆகவே 5 மி.மீ. டிரில். எம்8-க்கு 1.25, ஆகவே 6.75, கடையில் 6.8 கேளுங்கள். எம்10-க்கு 1.5, ஆகவே 8.5. பழைய பம்ப்களில் இருப்பதோ விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் அங்குல மரை. கடையில் அரை அங்குல போல்ட் என்று கேட்டு வாங்கி வந்து, இரண்டு சுற்று ஏறியபின் இறுகுகிறதே என்று ஸ்பேனரில் குழாய் மாட்டித் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அதே அளவு யு.என்.சி. என்ற அமெரிக்க அங்குல மரை போல்ட்டில் 13. பலத்தைக் காட்டினால் பம்ப் உடலில் உள்ள மரை போய்விடும். நாற்பது, ஐம்பது ஆண்டு உழைத்த வார்ப்பு ஒரு தவறான போல்ட்டால் வீணாகும். மரை கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெர்னியருக்கு அடுத்தபடி வாங்க வேண்டியது அதுதான்.

மருந்துக் கடைக்காரர் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜினை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகச் செய்து வருகிறார். மீட்டர் கேஜ் தண்டவாளம் எட்டில் ஒன்றாகும்போது 125 மி.மீ. ஆகும், அவர் வழக்கத்தில் உள்ள ஐந்து அங்குலத்துக்கே, அதாவது 127-க்கே வைத்துக்கொண்டார். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்த அந்த இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் தண்டவாளச் சக்கரங்களை ஓட்டும், அவற்றில் வேலை செய்து முடித்த நீராவி மற்ற இரண்டில் புகுந்து பல்சக்கரங்களை ஓட்டும். ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதைக்கு இந்த ஏற்பாடு. சிலிண்டர் வார்க்க மரத்தில் அச்சு செய்தபோது, கன்மெட்டல் குளிர்ந்து மீட்டருக்குச் சுமார் 15 மி.மீ. சுருங்கும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், அந்தப் பக்கமாக வந்த ஓய்வு பெற்ற பேட்டர்ன் மேக்கர் ஒருவர். எந்தப் பாடப்புத்தகத்தோடும் வரவில்லை அவர், டீ குடிக்க வந்தார், மர அச்சைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாய்லர் தயாரானதும் நீராவி ஏற்றும் முன், குளிர்ந்த நீரால் முழுக்க நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல் இரு மடங்கு ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று மருந்துக் கடைக்காரருக்கு இப்போதே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறோம்.

இயற்பியல் ஆசிரியை மாணவர்களுக்காகத் தொலைநோக்கி ஒன்றுக்குத் தாங்கி செய்கிறார். பூமி சுழல்வதால் நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தொடர்ந்து செல்ல, தாங்கி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். 144 பல் கொண்ட வார்ம் வீல் என்ற பல்சக்கரம் வைத்தால், சுற்றுக்கு ஒரு பல் வீதம் அதைத் தள்ளும் வார்ம் திருகு ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் போதும். கணக்கு அழகாக வந்துவிட்டது. 144 பல்லை எப்படிச் சமமாகப் பிரித்து வெட்டுவது? வட்டத்தைச் சமமாகப் பிரிக்க உதவும், கைப்பிடி 40 சுற்று சுற்றினால் வீல் ஒரு சுற்று திரும்பும் இன்டெக்சிங் ஹெட்டில், 18 துளை வட்டத்தில் 5 துளை நகர்த்தினால் ஒரு பல். ஐ.டி.ஐ. பையன் ஒருவனே தாளில் போட்டுக் காட்டிவிட்டான். அவனுக்கு அது பாடத்தில் வந்த கணக்கு, ஆசிரியைக்கு அது மகிழ்ச்சியில் கைதட்ட வைத்த கணக்கு. ஆனால் என் கொட்டகையில் மில்லிங் மெஷினும் கிடையாது, இன்டெக்சிங் ஹெட்டும் கிடையாது. வாங்கும் வசதி எங்கள் யாருக்கும் இல்லை. வெளியே கொடுத்தால், ஒரே ஒரு வீலுக்காக மெஷினை செட் செய்ய எந்தப் பட்டறையும் மனம் வைப்பதில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு ஆயிரம் எண்ணிக்கை ஆர்டர் வந்தால்தான் கூலி கட்டுப்படியாகும்.

"ஐயா, எங்கள் ஐ.டி.ஐ.யில் இரண்டும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கின்றன" என்றான் அந்தப் பையன்.

என் கோரிக்கை இதுதான். அரசு ஐ.டி.ஐ.களின் பட்டறைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள். எல்லா ஊரிலும் ஒரே நாளில் வேண்டாம். கோவையில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று தொடங்கலாம். தமிழ்நாடு அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனப்படுத்தியிருக்கிறது. மனதார வரவேற்கிறேன். அந்தப் புது மையங்களின் ரோபோக்களையும் சி.என்.சி.களையும் நாங்கள் தொடக்கூட வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் பழைய கட்டடத்தில் இருக்கும் லேத், மில்லிங் மெஷின், சர்ஃபேஸ் கிரைண்டர் போதும்.

இதற்கு வரும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும், போர்மேனாக இருந்தவனுக்கு அவை புதிதல்ல. மெஷின் உடையும், டூல் காணாமல் போகும், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பார்கள். நியாயமான கேள்விகள். டூலும் டிரில் பிட்டும் வருகிறவர்கள் தாங்களே கொண்டுவரட்டும். முதலில் அரை நாள் பாதுகாப்புப் பயிற்சி, அதில் சக் சாவியை மறந்து விட்டுவிடுகிறவர் அடுத்த மாதம் மீண்டும் வரட்டும். வருகிறவர்களிடம் நாளொன்றுக்குக் கட்டணம் வாங்குங்கள். அதிலிருந்து பயிற்றுநருக்கு அன்றைய ஊதியமும், எல்லோருக்கும் விபத்துக் காப்பீடும் கொடுத்துவிடலாம். கூலி வேலை எதுவும் உள்ளே வரக் கூடாது என்று பலகை வையுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எட்டுப் பேருக்கு மேல் அனுமதிக்காதீர்கள்.

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. பாடத்தில் படிமுறைத் தண்டு கடைந்து, சதுரத்துக்குள் சதுரம் பொருத்தி, மதிப்பெண் வாங்கியதும் அந்த இரும்பு மூலையில் கிடக்கும். அதே பையன் ஒரு தொலைநோக்கிக்குப் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்து, அன்றிரவே அதன் வழியாக வியாழனின் நிலாக்களைப் பார்த்தால், தன் தொழிலைப் பற்றி அவன் நினைப்பதே மாறிவிடும். டர்னர் வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிற காலம் இது. இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்ற பெருமையை 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் தேடித்தந்த ஊரில், கையால் செய்து பழகியவர்களின் அருமை இப்படிக் குறைந்திருக்கக் கூடாது.

வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் கவனத்துக்கு உங்கள் நாளிதழ் இதைக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன். பயிற்றுநர் பற்றாக்குறை என்று துறை சொன்னால், நானும் என்னோடு டூல்ரூமில் வேலை பார்த்த இருவரும் ஞாயிறுதோறும் ஊதியமில்லாமல் வந்து நிற்கத் தயாராக இருக்கிறோம். மூவரின் முகவரியையும் பணிச் சான்றுகளின் நகலையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். துறையினர் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டூல்ரூம் போர்மேன்,
ஆவாரம்பாளையம், கோவை.